நாலாம் நம்பர் படகு

காட்டு ஆற்றுப் படகுச் சவாரிக்குத் தானும் வருவதாகப் பட்டன் கடை அக்கா சொன்னதும், எதிர்வீட்டு டீச்சரின் பேனா பெயர்ப் பட்டியலுக்கு மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு படகுக்கு எட்டுப் பேர். ஆறு பேர் சேர்ந்தாயிற்று. மிச்சம் இரண்டு பேருக்காகப் பத்து நாளாகத் தெருவில் டீச்சர் ஏறாத படியில்லை. பட்டன் கடையை மட்டும் தாண்டித் தாண்டிப் போனாள். அதற்குக் காரணம் இருந்தது. போன கோடையில் கடைச் சுவரில் ஒரு பல்லி, அதுவும் வாலறுந்த பல்லி, எட்டிப் பார்த்ததற்கு, ஜிப் வாங்க வந்தவரை அப்படியே விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடி வந்து நின்றவள் அக்கா. தெருமுனை நாய்க்குட்டிக்குக் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அதற்குப் பயந்து பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறவள். அப்படிப்பட்டவள் கூண்டில்லாத முதலையைப் பார்க்க வருகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்?

"அக்கா, அங்க முதலை இருக்கும். தெரியுமில்ல?"

"இருக்கட்டுமே."

"பாம்பு இருக்கும். மரத்துலேர்ந்து தொங்குமாம்."

"அது பாட்டுக்குத் தொங்கும், நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். ரெண்டு பேரா எழுதிக்கோ. அவரும் வராரு. ஆனா ஒண்ணு, நாலாம் நம்பர் படகுதான் வேணும்."

"அது என்ன கணக்கு?"

"நாலு எனக்கு ராசி" என்றாள் அக்கா. அவளுக்கு எந்த எண்ணும் ராசியாக இருந்ததில்லை என்பது டீச்சருக்கு நன்றாகவே தெரியும். மூக்கு வியர்த்தது. ஆனால் படகு நிரம்பிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்குக் கிளறாமல் விட்டாள்.

கிளறியிருந்தாலும் ஒன்றும் வந்திருக்காது. அக்கா அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. போன வாரம் ஊக்கும் லைனிங் துணியும் வாங்க வந்த தையல்காரப் பெண், மாலையில் கடையில் கூட்டமில்லாததால், தான் போய்வந்த சுற்றுலாவின் வீடியோக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு சட்டைக்குப் பொருத்தமான பட்டனைத் தேடிக்கொண்டே, ஒரு கண்ணைக் கொடுத்து, "ஆங், நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீத்தண்ணீர் நிறத்தில் ஆறு. கரையெல்லாம் வேர். ஒரு கிளையில் பெரிய அலகோடு ஏதோ பறவை. அப்போது படம் பிடித்தவளுக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் யாரோ சொன்னார்கள்: "இடது பக்கம், சாஞ்ச மரம், மூணாவது கிளை. யாரும் எந்திரிக்காதீங்க."

அக்காவின் கையிலிருந்த டப்பா சரிந்து, நான்கு துளைப் பட்டன்கள் கடை முழுக்க உருண்டன.

"இன்னொரு தடவை போடு."

"அந்தப் பறவை அழகா இருக்குல்லக்கா?"

"ஆமா, மூக்கு நல்லாருக்கு. போடு."

பதினொரு தடவை போடவைத்தாள். பறவை பதினொரு தடவை பறந்துபோயிற்று. படகு எண் நாலு என்பதையும், ஓட்டுகிறவன் அதிகம் பேசாத பையன் என்பதையும், மழை பிடித்துவிட்டால் படகுகளைக் கரையேற்றிவிட்டு ஆட்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விடுவார்கள் என்பதையும் வாயைப் பிடுங்கி வாங்கிக்கொண்டாள். மழைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தப் பையன் அக்கா பெற்ற பிள்ளை. வீட்டை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது.

அவன் போன கதை தெருவுக்கே தெரியும், தெருவில் நடந்ததுதானே. அக்காவின் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்டவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்தால் இவர் மிதித்து நிறுத்திவிடலாம். இருபத்தேழு வருடம் மிதித்து மிதித்து அந்த வலது கால் தனிப் பிறவியாகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். வீட்டில் டிவியில் கார் வேகமாக வந்தால் சோபாவுக்கு முன்னால் தரையை மிதிக்கும். தெரு அவருக்கு வைத்த பெயர் பிரேக் வாத்தியார்.

மகனையும் அந்த இருக்கையில்தான் உட்காரவைத்தார். அவனிடம் பாடம் கற்றது வேறு யாருமில்லை, எதிர்வீட்டு டீச்சர்தான். ஒருநாள் காலை டீச்சர் காரைக் கொண்டுபோய்த் தன் வீட்டு மதில்மேலேயே ஏற்றினாள். யாருக்கும் அடியில்லை, முகப்பு விளக்கும் மதிலில் ஒரு முழமும் போயிற்று. வாத்தியார் பனியனோடு ஓடி வந்தார்.

"கால் எங்கடா இருந்துச்சு?"

"அவங்களே போட்டுடுவாங்கன்னு நெனச்சேன்பா. நானே மிதிச்சுக்கிட்டிருந்தா அவங்க எப்பக் கத்துக்கறது?"

"நெனக்கிறதுக்கு இல்ல அந்தப் பெடல். அதுல கால் வைக்கத் தெரியாதவன் இனிமே என் வண்டில ஏறாத."

இவ்வளவுதான். இதைவிடப் பெரிய பேச்சையெல்லாம் அந்தத் தெருவில் பிள்ளைகள் காலையில் வாங்கிக்கொண்டு ராத்திரி சாப்பிட வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் சாவியைக் கார் மூக்கின்மேல் வைத்தான், நடந்தான். அக்கா அப்போது கடையில் லேஸ் அளந்துகொண்டிருந்தாள். மூன்றாவது மீட்டரில் அவன் கடையைத் தாண்டிப் போனான். பேப்பர் வாங்கப் போகிறான் என்று நினைத்து மீதி இரண்டு மீட்டரையும் அளந்து முடித்தாள். அதற்குப் பிறகு அவ்வப்போது ஏதாவது புது எண்ணிலிருந்து "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி வரும். திருப்பிக் கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இருக்காது. வாத்தியார் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. பயிற்சிக் காருக்கு வேறு ஆளும் வைக்கவில்லை; அறுபத்தொரு வயதில் தானே போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

அவரைக் கிளப்புவதற்கு அக்கா பெரிய தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. "டூர் வேனை யாரு ஓட்டறான் தெரியுமா? உங்ககிட்ட கத்துக்கிட்டு மூணாவது தடவை லைசென்ஸ் வாங்கினானே, அவன்தான்" என்றாள். வாத்தியார் எட்டு உயிர்களை நினைத்துப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். ஐந்து மணிநேரப் பயணம் முழுக்க அந்த ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை மிதித்துக்கொண்டே வந்தார். வேன் போய்ச் சேர்ந்தது அவரால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறார்.

படகுத்துறையில் ஒரு கொடுமை காத்திருந்தது. எல்லோரையும் எடை பார்த்தார்கள். படகு மெலிசு, இரண்டிரண்டு பேராக நான்கு வரிசை. கனம் பின்னால், லேசு முன்னால் உட்கார்ந்தால்தான் அது சமமாகப் போகுமாம். துறையில் இருந்த பெண் ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றி, எண்ணை உரக்கப் படித்தாள். பல வருடமாகத் தெருவில் கட்டிக்காத்த ரகசியங்கள் எல்லாம் பத்து நிமிடத்தில் ஆற்றோடு போயின. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையைக் கொடுத்துவிட்டு, கடைசியாக மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஏறினாள். அப்படியும் இரண்டாம் வரிசைதான் கிடைத்தது. நாற்பத்தாறு கிலோ அக்காவுக்கு முன்வரிசை, முனை ஓரம். வாத்தியாருக்குக் கடைசி வரிசை.

"படகுக்காரர் எங்க உக்காருவாரு?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாருக்கும் பின்னாடி. நீங்க உக்காந்தப்புறம் பின்பக்கப் பலகை வழியா ஏறுவாரு. ஏறும்போது யாரும் திரும்பக் கூடாது. அப்புறமும் திரும்பக் கூடாது. படகு சாஞ்சிடும்."

அக்கா படகின் முனையைப் பார்த்தாள், பின்பலகையைப் பார்த்தாள். கடையை மூடி, கணவனைக் கிளப்பி, பல்லிக்குப் பயந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, ஒரே ஒரு முகத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அந்த முகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டரை மணிநேரம் உட்கார வேண்டுமாம். நடுவில் ஆறு பேர். இடம் மாற்றிக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் பலகை முனகியது. படகு ஒரு பக்கம் அமிழ்ந்து நிமிர்ந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். மோட்டார் கொஞ்ச தூரம்தான் ஓடும். அப்புறம் துடுப்புதான். பேசாதீங்க, நான் மட்டும்தான் பேசுவேன். முன்னாடி இருக்கற மேடம், கைய உள்ள வெச்சுக்குங்க."

மேடம்! தொட்டில் ஆட்டி வளர்த்த பிள்ளை வாயிலிருந்து மேடம். தெரிந்துதான் சொல்கிறானா, வெறும் முதுகைப் பார்த்துச் சொல்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கையை உள்ளே வைத்துக்கொண்டாள்.

ஆறு ஒரு வளைவு திரும்பியதும் ஊர்ச் சத்தம் கதவு சாத்தினாற்போல நின்றுபோயிற்று. இரண்டு கரையிலும் மரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. கொடிகள் மேலேயிருந்து இறங்கித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தன. இலை அழுகிய வாடையும், எங்கிருந்தோ ஒரு பூவின் வாடையும் மாறி மாறி வந்தன. பூச்சிகளின் ரீங்காரம் காதுக்கு வெளியில் கேட்கிறதா, தலைக்குள் கேட்கிறதா என்று தெரியவில்லை. மோட்டார் நின்றது. அந்த நிசப்தத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது: டொக். வாத்தியாரின் கால். வளைவு வந்தால் டொக். மிதக்கும் கட்டை வந்தால் டொக். மரப் படகு ஒவ்வொரு டொக்குக்கும் அதிர்ந்தது. கரையிலிருந்த ஒரு மீன்கொத்தி பறந்துபோயிற்று.

அப்போதுதான் அக்காவுக்கு யோசனை வந்தது. கைப்பேசியை எடுத்தாள், முகம் பார்க்கும் பக்கத்துக் கேமராவைத் திறந்தாள், நீட்டிப் பிடித்தாள். முதலில் தன் நெற்றி தெரிந்தது. பிறகு டீச்சரின் காது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைச் சாய்த்தாள். வரிசை வரிசையாகத் தலைகள் விலகின. கடைசியில், விரல் நகம் அளவுக்கு, வாத்தியாரின் முகம். அவர் தோளுக்கு மேலே தொப்பியும் தாடியுமாக இன்னொரு முகம்.

நான்கு வருடத்தில் அந்த இரண்டு முகங்களையும் ஒன்றாக அவள் பார்க்கவில்லை. தாடிக்குள் கன்னம் ஒட்டியிருந்தது. யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள், அப்படியே அப்பன் ஜாடை. அவன் துடுப்பை வலிக்கும்போது தோள் ஏறி இறங்கியது. கண் மட்டும் ஆற்றில் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பின்மண்டையில், முடி கொட்டிப்போன அந்த வட்டத்தில் நின்றது. அவன் போகும்போது அங்கே முடி இருந்தது.

அவள் விரல் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. "வலது பக்கம், நீர்நாய். குடும்பமா வருது" என்று குரல் சொன்னது. பளபளவென்று ஏழெட்டுத் தலைகள் தண்ணீரைக் கீறிக்கொண்டு வரிசையாக வந்தன. ஒன்று வாயில் மீனோடு மல்லாந்து கிடந்து சாப்பிட்டது. குட்டி ஒன்று பின்தங்கிக் கீச்சிட, மொத்தக் கூட்டமும் நின்று திரும்பிக் கத்தியது. டீச்சரின் வீட்டுக்காரர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி மூச்சுவிட மறந்தார். அக்கா தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. முன்னால் குனிந்து கிசுகிசுத்தாள். "என்னக்கா இது, அங்க நீர்நாய் போகுது, நீ உன் மூஞ்சியவே எடுத்துக்கிட்டு இருக்க? அழகி..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. கண் திரையில் விழுந்துவிட்டது. மதிலில் கார் ஏற்றிய நாளிலிருந்து இன்றுவரை காரைத் தொடாத டீச்சர் அந்தத் தொப்பியையும் தாடியையும் அதன் கீழிருந்த கண்களையும் பார்த்தாள்.   தெருவில் பால் பொங்கினால்கூட நாலு வீட்டுக்குச் சொல்கிறவள், பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆறு குறுகியது. படகு ஓரிடத்தில் காரணமில்லாமல் வேகம் தணிந்து, இடது கரையை விட்டு விலகி, சத்தமில்லாமல் ஊர்ந்தது. அக்காவின் பக்கத்தில், கையெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால், சேற்றில் ஒரு பழைய மரக்கட்டை கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்க்காதது போலவும் பார்த்தாள். படகு தாண்டிப் போனபிறகு கட்டைக்குக் கால் முளைத்தது. அது தண்ணீருக்குள் வழுக்கி மறைந்தது.

"முதலை!" டீச்சரின் வீட்டுக்காரர் ஏறக்குறைய அழுதுவிட்டார். "இவ்ளோ பக்கத்துல! ஏம்பா, சொல்லவே இல்லியே! அதுக்குத்தானே வந்தோம்!"



"முன்னாடி இருக்கறவங்க பயந்துக்குவாங்க, சார்" என்றது பின்னாலிருந்து வந்த குரல்.

அக்காவுக்குத் திரை மங்கியது. துடைத்துப் பார்த்தாள். திரையில் ஈரமில்லை. மறுபடி நிமிர்த்திப் பிடித்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். டொக் சத்தத்தைக் காணோம். எப்போது நின்றது? முதலைக்கு முன்பா, நீர்நாய்க்கு முன்பா? அவள் பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். இரண்டு வளைவு, ஒரு விழுந்த மரம், சுழல் போட்ட ஒரு இடம்; ஒன்றுக்கும் அந்தக் கால் எழும்பவில்லை. திரையில் வாத்தியாரின் முகம் நேராக இருந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எதிரே வருகிறவன் எந்தத் தப்பைச் செய்யப்போகிறான் என்று காத்திருக்கும் அவருடைய வழக்கமான முகத்தை மட்டும் காணவில்லை.

திரும்பும் வழியில் ஒரு மரம் ஆற்றின் குறுக்கே தாழப் படுத்திருந்தது. "எல்லாரும் தலைய நல்லாக் குனிஞ்சுக்குங்க" என்றான் அவன். அக்கா குனிந்தாள். டீச்சர் குனிந்தாள். ஏழு தலைகள் குனிந்தன. வாத்தியார் யாருக்கும் தலை குனிந்து பழக்கப்பட்டவர் இல்லை. அதிகாரிகள் வந்து நின்றாலும் கழுத்தை விறைத்துக்கொண்டு பேசுகிறவர். நேராகவே உட்கார்ந்திருந்தார். கிளை முன்வரிசையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. குனிந்த வாக்கில் தலைக்கு மேலே பிடித்திருந்த திரையில் அக்கா பார்த்தாள்: பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அந்த முடியில்லாத வட்டத்தின்மேல் விரிந்து படிந்தது. மெதுவாக அழுத்தியது. கைக்குக் கீழே தலை இறங்கியது, குளிப்பாட்டக் குனிகிற பிள்ளையின் தலை இறங்குவது போல. அவள் அவசர அவசரமாகப் பொத்தானை அமுக்கினாள். படத்தில் விழுந்ததெல்லாம் இலை. ஒரு திரை முழுக்க, நரம்பு நரம்பாக, பச்சை இலை.

கிளை போனபிறகும் அந்தக் கை உடனே எடுக்கப்படவில்லை. எத்தனை நேரம் இருந்தது என்று கேட்டால் அக்கா ஒரு கணக்குச் சொல்வாள். அதை நம்புவது கஷ்டம்.

துறையில் படகின் முனை வந்து முட்டியது. எடைக்காரப் பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றினாள். முதலில் அக்கா. கால் பலகையில் பட்டவுடனே, இனித் திரும்பலாமே என்ற நினைப்பு வந்தது. ஆனால் திரும்ப முடியவில்லை. இரண்டரை மணிநேரமாக ஏங்கியதை இப்போது தைரியமாகப் பார்க்க முடியவில்லை. பின்னால் ஒவ்வொருவராக இறங்கும் சத்தத்தை எண்ணினாள். டீச்சர். டீச்சரின் வீட்டுக்காரர், இன்னும் முதலைக்காக வருந்திக்கொண்டு. பிறகு மற்றவர்கள். தன்னோடு சேர்த்து ஏழு.

"சார், எறங்குங்க" என்றாள் எடைக்காரப் பெண்.

வாத்தியார் இரண்டு கையாலும் இருக்கைப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அடுத்த ஆளுங்க வெயிட் பண்றாங்க."

"முட்டி பிடிச்சுக்கிச்சு" என்றார் வாத்தியார். "நீட்ட முடியல. கொஞ்ச நேரம் ஆகும்."

அந்த முட்டியின் யோக்கியதை தெருவுக்கே தெரியும். காலையில் வேனிலிருந்து குதித்து இறங்கியது அதே முட்டிதான். டீச்சர் ஏதோ சொல்லப்போன தன் வீட்டுக்காரரின் முழங்கையைக் கிள்ளினாள். "வாங்க, வாங்க எல்லாரும், டீ ஆறிடும்" என்று கோழியைப் பத்துவது போலக் கூட்டத்தைப் பத்திக்கொண்டு போனாள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுதான் பெரிய தியாகம்.

"அண்ணே, நீங்களாவது அவரைக் கொஞ்சம்..." என்றாள் எடைக்காரப் பெண், படகின் மறுமுனையைப் பார்த்து.

"அவரு உக்காரட்டும். அடுத்த ட்ரிப்ப ரெண்டாம் நம்பருக்குக் குடுத்துடு. நான் பாத்துக்கறேன்."

அவள் உதட்டைப் பிதுக்கிக் கயிற்றை ஒரு சுற்றுத் தளர விட்டுவிட்டுப் போனாள்.

அக்கா அப்போதுதான் திரும்பினாள். கைப்பேசித் திரை இல்லாமல், வெறும் கண்ணால். அவர் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவன், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவர் உதடு அசைந்தது போலிருந்தது. அவன் முன்னால் சாய்ந்தது போலிருந்தது. பூச்சிகள் அந்த நேரம் பார்த்துக் காடு முழுக்கக் கத்தின; ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கூப்பிட வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

நடுவில் மூன்று வரிசை காலி. கனமெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்ததில் படகின் பின்பகுதி தண்ணீரில் ஆழ அமிழ்ந்திருந்தது. அவள் உட்கார்ந்து வந்த முனை ஆற்றை விட்டு எழும்பி, துறைப் பலகையைவிட ஒரு முழம் உயர்ந்து, சொட்டுச் சொட்டாக நீர் வடிய, காற்றில் மெல்ல இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.